சஹனில் என் பக்கம்

என் வாய்க்குள் ஏழு நாள் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். ரேடியம் ஊசி. இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று என்று சொல்லி, சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டாம் வருடம் செய்த வைத்தியம். தையல்காரரின் ஊசிமெத்தை மாதிரிக் கிடந்தேன். ஊசியை எடுத்த பிறகுதான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. வாயெல்லாம் புண். கன்னத்துத் தோல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல் கருத்துவிட்டது. எச்சில் ஊறுவதே நின்றுபோனது. புளி விட்ட மீன் ஆணமும் சீனி போட்ட தேநீரும் எனக்கு ஒரே ருசி. துருப்பிடித்த ஆணியின் ருசி.

நான்கு மாதமாக இதையெல்லாம் கேலி செய்துதான் ஓட்டினேன். எங்கள் ஊர் காஜா பெராங்கில், தெருவில் யார் நலம் விசாரித்தாலும், "எங்க வீட்டுல மண்ணெண்ணெய் செலவே இல்ல, நான் வாயைத் தொறந்தாப் போதும், வெளிச்சந்தான்" என்பேன். பக்கத்து வீட்டுப் பத்மினி சிட்டி வம்சம், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழர்கள். அவளுக்கு இதை மலாயில் சொன்னபோது, எனக்காகக் கொண்டுவந்த உப்பில்லாக் கஞ்சியில் பாதியைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். நான் அழுதால் வந்தவர்களும் கூட உட்கார்ந்து அழுவார்கள். அப்புறம் அவர்களை யார் தேற்றுவது? எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

என் கணவர் தாவூதுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகள் சுல்தானாவுக்கு மூவாரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் உம்முசல்மாவிடம், நான் பல் பிடுங்க சிங்கப்பூர் போயிருப்பதாக இவர் சொல்லி வைத்திருந்தார். பல் பிடுங்க ஒரு மாதமா? அது என்ன யானைத் தந்தமா?

உம்முசல்மாவும் அவருடைய நாத்தனாரும் வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒன்று தேதி குறிப்பார்கள், இல்லை பேச்சை முறித்துக்கொண்டு போவார்கள். எங்களில் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத் தனித்தனித் தட்டு வைப்பதில்லை. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். பெண்ணைப் பெற்றவள் உட்காராத சஹனில் வந்தவர்கள் எப்படிக் கை வைப்பார்கள்?

"நீ உள்ள படுத்துக்க. காய்ச்சல்னு சொல்லிடுறேன்" என்றார் இவர்.

"ஒரு பொய்க்குத் துணையா இன்னொரு பொய்யா?"

"மைமூன், ஒட்டுற நோய்னு நெனச்சிடுவாங்க. புள்ளையோட வாழ்க்கை."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இறங்கி வந்தேன். எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சுல்தானா அடுப்படியிலிருந்து, "மிளகாயைக் குறைக்கட்டுமா உம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சப்பென்று சமைத்து வைத்தால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

வியாழக்கிழமை சஹனைச் சுற்றிப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். இவர் வெளித் திண்ணையில் இருந்தார். சுல்தானா திரைக்குப் பின்னால் நின்றாள். முந்தானையைக் கன்னம் மறைய இழுத்து விட்டுக்கொண்டேன். பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை வைத்ததும் ஆட்டுக்கறியின் காரம் புண்ணில் நெருப்பாகப் பிடித்தது. "இன்னைக்கு என்னமா வேகுது" என்று வெயிலின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தேன். சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. ஒரு கவளம், ஒரு மிடறு தண்ணீர். மறுபடியும் ஒரு கவளம், இரண்டு மிடறு.

நாத்தனார் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு புடுங்கினா இவ்வளவு தண்ணியா குடிக்கணும்?"

தலையைத் திருப்பினேன். முந்தானை நழுவிவிட்டது.

"கன்னத்துல அது என்ன?" என்று கேட்டார் உம்முசல்மா.

இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் இன்று சொல்லும் பொய்யை நாளைக்கு அவர்கள் வீட்டில் என் மகள் அல்லவா கட்டிக் காக்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே.

"புத்து, லாத்தா. ரேடியம் வச்சு எரிச்சிருக்காங்க. பல்லுக் கதையெல்லாம் புள்ளையோட வாப்பா சொன்ன பொய்."

நாத்தனார் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்து போனார். உம்முசல்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

"ஒட்டுமா?"

"ஒட்டுறதா இருந்தா மொதல்ல எம் புருசனுக்குல்ல ஒட்டியிருக்கணும்? அவருக்குப் பொய்தான் ஒட்டியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான்கு மாதத்தில் இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. ஊசி குத்திய நாளில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. திரைக்குப் பின்னால் மகளின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"வாயைத் தொற தங்கச்சி" என்றார் உம்முசல்மா.

ஜன்னல் பக்கம் திரும்பித் திறந்தேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சோற்றைப் பார்த்தபடி பேசினார்.

"எங்க உம்மாவுக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. நாகூர்ல. தனித் தட்டு, தனிக் கோப்பை குடுத்து மூலையில வச்சிருந்தோம். ஒரு நாளாவது உங்களோட சஹன்ல உக்கார வைங்கன்னு கேட்டாங்க. நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

"புள்ள, கொஞ்சம் பால் கொண்டா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். சுல்தானா கிண்ணத்தோடு வந்தாள். என் பக்கத்திலிருந்த கறியைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, சோற்றில் பாலை ஊற்றி, குழையக் குழையப் பிசைந்தார் உம்முசல்மா. அதிலேயே ஒரு வாய் எடுத்துத் தானும் சாப்பிட்டார்.

"டாக்டர் என்ன சொல்றாரு? சரியாயிடுமா?"

எப்போதும்போல் ஒரு கேலி வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"தெரியல லாத்தா. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. அப்பத்தான் சொல்ல முடியுமாம்."

"அப்ப கல்யாணத்த அதுக்கு முன்னாடியே வச்சிடுவோம்" என்றார் சட்டென்று.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுல்தானா கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் நான்தான் சொல்லிச் சிரிக்கவைப்பேன். இன்னொருவர் சொல்லி நான் சிரித்தது அன்றுதான். காய்ந்த உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. உம்முசல்மா பதறித் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். அந்தக் கை என் முகத்தில் பட்டதும் அழுகையும் வந்துவிட்டது. கூட அழுகிறவர்கள் அழட்டும், யார் யாரைத் தேற்றினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

"சரி லாத்தா" என்றேன். "முன்னாடியே வச்சிடுவோம்."