தண்ணீருக்கு விட்ட வீடு

சரோஜம்மாவின் பின்சுவரை உடைக்க ஜேசிபி வந்த அன்று வினோலியா வேலைக்கு லீவு போட்டாள். பெங்களூரில் அவள் பெருக்கித் துடைக்கிற ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னாள். விடியற்கால ரயிலை விட்டுவிட்டுத் தலைக்குக் குளித்தாள், இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடைக்கரையில் வந்து நின்றாள். கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி நிற்கிறாளே என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மாதக்கணக்காக அவள் ஜெபத்தில் கேட்டது இது ஒன்றைத்தான். மற்றதற்கெல்லாம் காது கொடுக்காத கர்த்தர் இதற்காவது கொடுத்தாரே என்றிருந்தது அவளுக்கு.

மைசூர் மைன்ஸில் அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் மேல் லைன், அந்தப் பக்கம் கீழ் லைன். தங்கம் எடுத்து முடித்துச் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் வீடுகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற வரிசை வீடுகள். சரோஜம்மா மேல் லைன். ஓடை கொல்லையை அரிக்கிறது, பாம்பு வருகிறது என்று அவள் மகன் ரூபேஷ் ஓடைக்குள்ளேயே இறங்கிக் கருங்கல்லில் சுவர் எழுப்பிவிட்டான். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து வருகிற மணல் ஏற்கெனவே ஓடையைத் தூர்த்திருந்தது. மிச்சமிருந்த வழியையும் இவன் பாதியாக்கினான். போன வருஷத்து ஐப்பசி மழையில், போக வழியில்லாத தண்ணீர் எதிர்க்கரையில் ஏறி, கீழ் லைன் முதல் வீட்டுக்குள் போனது. அது வினோலியாவின் வீடு.

வீட்டில் அவள் புருஷன் வால்டர் தனியாக இருந்தார். இருபது வருஷம் பாறைத்தூளை மூச்சில் இழுத்த நுரையீரல், கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நாலு தடவை நிற்க வேண்டும். வினோலியா ஏறிய ரயிலைத் தண்டவாளத்தில் வெள்ளம் என்று பங்காருப்பேட்டையில் நிறுத்திப் போட்டிருந்தார்கள். அவள் எப்படியெப்படியோ வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. வால்டரைக் கட்டிலிலேயே கிடத்தி, மேலே போர்வை போட்டிருந்தார்கள். அதே தினம் சரோஜம்மாவின் கொல்லையில் கட்டியிருந்த ஆடுகூட நனையவில்லை. யாரால் வந்தது என்று இரண்டு லைனுக்கும் தெரியும். ஆனாலும் பழியை மழையின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதுதான் வினோலியாவின் வயிற்றெரிச்சல்.

ஜேசிபி நாலு இடி இடித்தது. அவ்வளவு பெரிய சுவர் உட்கார்ந்துவிட்டது. சரோஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவோரம் நின்றாள். வினோலியா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்கவே இல்லை. பிறகுதான் சுண்ணாம்புப் பொடி வைத்திருந்த ஆள் ஒருத்தன் ஓடையைத் தாண்டிப் போய், அவள் வீட்டு வாசலுக்கு உள்பக்கமாகக் கோடு போடுவதைக் கவனித்தாள்.

"இன்னாய்யா கோடு போட்டுக்கினு கீற? அது என் வூடு."

ஓடையைச் சீராக்குகிற இந்த வேலைக்கென்று பெங்களூரிலிருந்து வருகிற பெண் நேத்ரா ஓடி வந்தாள். "ஆண்ட்டி, மீட்டிங்ல சொன்னேனே. நீங்கதான் ஃபர்ஸ்ட் கை தூக்கினீங்க."

தூக்கினாள்தான். சர்ச் வளாகத்தில் கூட்டம் போட்டு, ஓடையை அடைக்கிற சுவர் போகும் என்று நேத்ரா சொன்னதும் வினோலியாவின் கை தானாகவே மேலே போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"ஸ்வல்ப, கொஞ்சம் கேளுங்க ஆண்ட்டி," என்றாள் நேத்ரா. "சுவர எடுத்தா மட்டும் பத்தாது. பெரிய மழை வந்தா தண்ணி பரவி நிக்க ஒரு எடம் வேணும். கரைய சரிச்சு, நாணலும் வெட்டிவேரும் நட்டு, பள்ளத்த அப்படியே வெளியா விட்டா தண்ணி மெதுவாகும், மணல் அங்கயே தங்கும். சிமெண்ட் கால்வா கட்டினா இன்னும் வேகமா ஓடிப் போய் கீழ இருக்கிற ஸ்கூல் லைன்ல பூந்துடும். இங்க இருக்கிறதுலயே தாழ்வான எடம் உங்க வரிசைதான். மத்த அஞ்சு வூட்டுக்காரங்களும் சரின்னுட்டாங்க."

"என் புருஷன முழுங்கின தண்ணிக்கு என் வூட்டயும் நானே குடுக்கணுமா?"

நேத்ரா நல்ல பெண். பதில் தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. "முடியாதுன்னா விட்டுடலாம் ஆண்ட்டி. ஆனா சுவர் போச்சு. தண்ணி எங்கயாவது போகும்."

மாற்று வீடு எது என்று வினோலியா கேட்டாள். மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மேல் லைனில் காலியாக இருப்பது ஒன்றே ஒன்று என்றாள் நேத்ரா. சரோஜம்மாவின் பக்கத்து வீடு.

வினோலியா சிரித்துவிட்டாள். வேறென்ன செய்ய. குற்றம் செய்தவள் இருந்த இடத்தில் இருப்பாள். பறிகொடுத்தவள் வீட்டையும் கொடுத்துவிட்டு அவளோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்று நேத்ராவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரம் யார் வந்து தட்டியும் திறக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் லைனுக்கு ஜெயகரனைப் பார்க்கப் போனாள். வால்டரோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கியவர், அவருக்கும் அதே மூச்சு. கட்டில் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். ஓடை, வீடு, நேத்ரா எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, மூச்சு அடங்குவதற்குக் காத்திருந்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த வருஷம் மழ எப்படியாம்மா? டிவில இன்னா சொல்றான்?"

"தெரிலண்ணா," என்றாள் வினோலியா.

அவர் படுத்திருந்த பாயையும் வாசற்படியையும் மாறி மாறிப் பார்த்தாள். படி ஒரு சாண் உயரம்கூட இல்லை. அன்று சாயங்காலமே நேத்ராவுக்குப் போன் செய்து சரி என்றாள். பெரிய மனசு என்று அப்புறம் நாலு பேர் சொன்னார்கள். அவள் மனசில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

சாமான்களை மூட்டை கட்டி மேல் லைனுக்கு வந்த தினம், சரோஜம்மா ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கொண்டுவந்து படியில் வைத்தாள். "வினோலி, ராத்திரிக்கு ஒலை வெக்காத." வினோலியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் காலை தூக்கு அதே இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் இருந்தது அந்தப் பங்குச் சுவர் மட்டும்தான். அதைத் தாண்டி சரோஜம்மாவின் குக்கர் விசில் கேட்டது, சீரியல் கேட்டது, மருமகளைத் திட்டுவது கேட்டது. இருமல் மட்டும் யாருடையதும் கேட்கவில்லை. இருபது வருஷம் இருமலுக்கு நடுவில் தூங்கிப் பழகியவளுக்கு அந்த வீட்டில் தூக்கமே வரவில்லை.

கீழ் லைன் ஆறு வீட்டையும் இடித்தார்கள். சுவர்கள் போயின. சிமெண்டுத் தரையைப் பெயர்ப்பதற்குள் ஜேசிபி வேறு ஊருக்குப் போய்விட்டதால் அது அப்படியே கிடந்தது. கரையைச் சரித்துத் தென்னைநார்ப் பாய் விரித்தார்கள். லைன் பெண்கள் கூலிக்கு வந்து வெட்டிவேரும் நாணலும் நட்டார்கள். ஆவணிக்குள் எல்லாம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அது வளர வளர வினோலியாவுக்கு ஆத்திரமாக வந்தது. காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஐப்பசியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் லைன் ஆட்களெல்லாம் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். ஸ்கூல் லைனில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை என்று யாரோ கத்திக்கொண்டு வந்தார்கள். ஜெயகரன் பாயிலேயே படுத்திருக்கிறாராம், ஈரம்கூடத் தட்டவில்லையாம். ரூபேஷ் போனைப் பார்த்து, போன வருஷத்தை விட இந்தத் தடவை மழை ஜாஸ்தி என்றான். நேத்ரா அழுகிற மாதிரி சிரித்தாள். அவளை யாரோ கட்டிக்கொண்டார்கள்.

வினோலியா பள்ளத்தைப் பார்த்தாள். தண்ணீர் புல்லுக்குள் புகுந்து, சத்தமில்லாமல் பரவி, கலங்கலாக நின்றுகொண்டிருந்தது. அவள் வீட்டுத் தரை முழுகியிருந்தது. வாசல் இருந்த இடம், அடுப்பு இருந்த இடம், கட்டில் இருந்த இடம், எல்லாம் அவளுக்குச் சுவரில்லாமலே தெரிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற சரோஜம்மா, பயம் விட்ட சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"இவ்ளோதானா தண்ணி?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானை வாய்க்குப் போனது. "ஐயோ, வினோலி," என்றாள். கையைப் பிடிக்க வந்தாள். வினோலியா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அது அவள் கை மாதிரியே இல்லை.

கட்டில் கிடந்த இடத்தில் ஒரு கொக்கு வந்து நின்றது. தண்ணீர் அதன் காலில் பாதிக்குக்கூட வரவில்லை. அது குனிந்து எதையோ கொத்தி எடுத்து, விழுங்கிவிட்டு, அங்கேயே நின்றது.