பால் இல்லாதவள்

காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பூங்கொடி வாசலில் வந்து நின்றாள். மீன் விற்பவள். கையில் வாழை இலையில் சுற்றிய பால்சுறா.

"இத அவிச்சுப் புட்டு வச்சுத் தின்னு. ரெண்டே நாள்ல ஊறும். பால் சுத்தமா இல்லன்னு உன் மாமியார் சொல்லி வருத்தப்பட்டாங்க."

பிரதீபாவுக்கு விளங்கவில்லை. "யாருக்குக்கா பால் இல்ல?"

பூங்கொடி பதில் சொல்லத் தயங்கினாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ பிரதீபாவைக் கூப்பிட, இலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவதாக இருந்தது. பிறந்து முப்பத்தொரு நாள். உதடும் மூக்கும் திருத்தமான பெண் குழந்தை. வாயைத் திறந்து அழும்போதுதான் மேலண்ணத்தில் நடுவே பிளந்திருப்பது தெரியும். அதனால் மார்பைச் சப்பி இழுக்க அதற்கு முடியவில்லை. ஒரு வயதையொட்டி அறுவை சிகிச்சை செய்துவிடலாம், அதுவரை பாலை எடுத்துப் பாலாடைச் சங்கில் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிரதீபா எடுத்தாள். இரவும் பகலுமாக எட்டு முறை. பிளக் இருக்கும் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பால் எடுக்கும் பம்பின் புனலை வைத்து, அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பிறகு புனல், குழாய், புட்டி எல்லாவற்றையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். அது ஆறுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். காம்பு வெடித்து, ஒருநாள் பாலில் ரத்தம் கலந்து வந்தது. கரண்ட் போனால் கையாலேயே பீய்ச்சினாள். "மாடு கறக்குற மாதிரி" என்று மாமியார் சாரதாம்பாள் சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. பிள்ளை எடை கூடியிருந்தது. அது போதும் என்றிருந்தாள்.

பத்து மணிக்கு, குழந்தை பசித்து முனகியதும், ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் இருந்த ஐந்து புட்டிகளையும் காணவில்லை. அந்த இடத்தில் மசாலா தடவிய வஞ்சிரத் துண்டுகள் ஒரு பேசின் நிறைய இருந்தன. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். புட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. தேதியும் நேரமும் எழுதி அவள் ஒட்டிய பிளாஸ்திரி நனைந்து தொங்கியது.

"அத்தை, பால் எங்க?"

சாரதாம்பாள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "முருங்க மரத்தடியில ஊத்திட்டேன். கால்படாத எடந்தான்."

"எதுக்கு ஊத்துனீங்க?"

"வர்றவங்க ஃபிரிட்ஜத் தொறப்பாங்க. இது என்ன, புள்ள ஏன் நேரா குடிக்கலன்னு கேப்பாங்க. புள்ள வாயில ஓட்டைன்னு ஊருக்கே சொல்லச் சொல்றியா? நாளைக்கு அவள யாரு கட்டுவா? டப்பாப் பால் வாங்கி வச்சிருக்கேன், அதக் குடு."

"அதுக்காகத்தான் எனக்குப் பால் இல்லன்னு சொன்னீங்களா?"

"உன்னச் சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

கணவன் சசிதரன் கூடத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நேரே அவனிடம் போனாள்.

"அத்தை ஊரெல்லாம் சொல்லி வச்சது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் நாற்காலியைப் பார்த்தான். "அம்மா ஏதோ சமாளிக்க..."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அறைக்குப் போய்ப் பம்பை எடுத்து வந்தாள். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் செருகினாள். மாமனார் தர்மராஜும் படகுக்காரர்கள் நாலைந்து பேரும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். பம்ப் கர்ர், கர்ர் என்று இழுக்கத் தொடங்கியது. தர்மராஜ் எழுந்தார், மற்ற ஆண்களும் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்கள்.

சசிதரன் ஓடிவந்தான். "உள்ள வா. எல்லாரும் பாக்குறாங்க."

"உள்ள உக்காந்து எடுத்ததத்தான் உங்கம்மா மரத்துக்கு ஊத்துனாங்க."

"மெதுவாப் பேசு."

"ஒரு மாசம் மெதுவாத்தான் பேசுனேன்." அவள் குரல் வாசல் வரை கேட்டது. "எனக்குப் பால் இருக்கு. எம்பொண்ணுக்கு மேல்வாய் பொளந்திருக்கு, அதனால சப்ப முடியல. அவ்வளவுதான். எங்கிட்டயும் குத்தம் இல்ல, அவகிட்டயும் இல்ல. கேக்க வேண்டியவங்க எங்கிட்டயே கேளுங்க."

விசேஷத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களோடு வந்து உட்கார்ந்திருந்த பூங்கொடி மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஃபிரிட்ஜிலிருந்த வஞ்சிரப் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தவள், சாரதாம்பாளிடம், "மீனுக்கு என் ஐஸ்பெட்டி போதும்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

கோபத்தில் பால் இறங்கவில்லை. வழக்கமாக எண்பது மில்லி வரும் பக்கத்தில் முப்பதுதான் வந்தது. அதைப் பார்த்ததும் பிரதீபாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"கையக் கழுவிட்டுப் புள்ளையத் தூக்கிட்டு வாங்க" என்றாள் சசிதரனிடம்.

"நானா? எனக்கு ஊட்டத் தெரியாதே."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

அவன் கழுவிவிட்டு வந்தான். குழந்தையைச் சாய்த்துப் பிடிக்க அவள் சொல்லிக் கொடுத்தாள். எடுத்த பாலைப் பாலாடையில் ஊற்றி அவன் புகட்டினான். முதல் வாயிலேயே கொஞ்சம் பால் மூக்கு வழியாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணும் இல்ல, அப்படித்தான் வரும். தொடச்சிட்டுக் குடுங்க" என்றாள் பிரதீபா.

சாரதாம்பாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. அழுதாளா, அடுப்புச் சூடா, பிரதீபா கவனிக்க விரும்பவில்லை.

"நல்ல நேரம் முடியப்போவுது" என்றாள் சாரதாம்பாள், யாரையும் பார்க்காமல். "பேர் வைக்கணும்."

"கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள் பிரதீபா. புனலைக் கழற்றித் துண்டுக்குள் அடுத்த பக்கத்துக்கு மாற்றினாள். "இன்னும் எடுத்து முடிக்கல."