தட்டில் போட்ட விருந்து

கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், எதுவானாலும் தலைவாழை இலை போட்டுப் பரிமாறுவது என் தொழில். லோரியின் இரண்டு பக்கமும் ‘புஷ்பவல்லி இலை விருந்து’ என்று பச்சை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் ஒரே மகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பீங்கான் தட்டில் சோறு போட்டேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள். இப்போது நானும்தான் சிரிக்கிறேன்.

மாப்பிள்ளைப் பையன் சிவேந்திரன் பிரிக்பீல்ட்ஸ்காரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க வேலை. என் மகள் தாமரைக்கு அவன்மேல் உயிர். எனக்கும் பையனைப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வருவதாகச் சொல்லியிருந்தான். பதினோரு வகைக் கறிக்கு நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, தாமரை நகத்துக்குச் சாயம் பூசியபடியே, “அவங்க அப்பா இன்கம் டேக்ஸ்ல வேலை பார்த்தவரும்மா, பேரு கனகசபை” என்றாள். என் கணவர் ரெங்கசாமி குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ மூக்கில் ஏறிவிட்டது.

எங்கள் தொழிலில் அந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. இலைக் கணக்கு கனகசபை! மற்ற அதிகாரிகள் ரசீது கேட்பார்கள். ரசீது எழுதும் பழக்கம்தான் நமக்கு இல்லையே, அதோடு போய்விடுவார்கள். இந்த மனுஷர் மட்டும் இலைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கொல்லைச் சந்துக்குப் போய்க் குப்பைத்தொட்டியில் எச்சில் இலையை எண்ணுவார். செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய், எந்தக் கடை எத்தனை கட்டு இலை வாங்குகிறது என்று விசாரிப்பார். இலையைச் சோற்று விலையால் பெருக்கினால் வருமானம் வந்துவிடும், அடுத்த வாரம் கடிதமும் வந்துவிடும். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும், அவர் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கள் ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்துவார்கள்.

நான் வரியே கட்டாதவள் இல்லை. மண்டபத்தில் நடக்கும் விருந்தெல்லாம் கணக்கில் ஏறும். கையில் ரொக்கமாகக் கொடுப்பவர்களின் பணம் மட்டும் மைலோ டின்னுக்குள் போகும். அதைத் திருட்டு என்று நான் நினைத்ததே இல்லை. கோடி கோடியாய்ச் சுருட்டுகிறவனை விட்டுவிட்டு இலை போடுகிறவளைப் பிடிக்கிற சட்டம் என்ன சட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை, மறுநாள் கல்யாண ஆர்டருக்காக இலைக்கட்டுகள் வந்து ஹாலில் இறங்கின. ரெங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “இத அவரு பாத்தாருன்னா சம்பந்தமும் போச்சு, தொழிலும் போச்சு” என்றார். ஓடிப்போய் லோரியைக் காப்பார் சாலையில் ஒரு நண்பர் வீட்டில் நிறுத்திவிட்டு வந்தார். இலையை எங்கே மறைப்பது? மேல்மாடியில் தாமரை அடம்பிடித்து வாங்கிப் போட்ட குளியல்தொட்டி இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, கட்டுகளை அடுக்கி, வாடாமல் இருக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்தோம்.

சாப்பாட்டுக்கு மட்டும் ஐந்து இலை எடுக்கலாமே என்றாள் தாமரை. கூடவே கூடாது, ஓர் இலையைக் காட்டினால் எந்தக் கட்டிலிருந்து வந்தது, கட்டுக்கு எத்தனை என்பது வரைக்கும் போய்விடுவார் என்றார் ரெங்கசாமி. அந்த நேரத்தில் எனக்கும் அது பெரிய புத்தியாகப் பட்டது.

வந்தார்கள். கனகசபை ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் மனைவி நேசம்மா ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரித் தாதி. பேச்சு நன்றாகத்தான் போனது. சாப்பிட உட்கார்ந்ததும்தான் வினை வந்தது. கனகசபை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். நேசம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

“ஊருக்கெல்லாம் இலை போடுறவங்கள் எண்டு தம்பி சொன்னவன்” என்றார் நேசம்மா, மகனைக் காட்டி. “நல்ல காரியம் பேச வந்த எங்களுக்கு மட்டும் தட்டோ? விருப்பமில்லையெண்டால் வாயாலேயே சொல்லியிருக்கலாம்.”

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தும் விட்டார். இலை கிடைக்கவில்லை, சந்தையில் தட்டுப்பாடு என்று ரெங்கசாமி உளறினார். தாமரையின் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளையின் வாழ்க்கை ஐந்து தட்டால் கெடப் போகிறதே!

அப்போதுதான் மாடிப்படியில் சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர்! தொட்டியின் வடிகால் துளையை ஏதோ இலை அடைத்திருக்க வேண்டும். குழாயையும் என் புத்திசாலிப் புருஷன் போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறார். தண்ணீர் படிப்படியாக இறங்கி வர, அதன் மேல் ஒரு வாழையிலை ராணி மாதிரி மிதந்து வந்து, கனகசபையின் காலடியில் நின்றது.

கனகசபை குனிந்து இலையைப் பார்த்தார்.

“செலாயாங் இலை” என்றார்.

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. “ஆமா, ஒளிச்சுத்தான் வெச்சேன்! உங்களுக்குப் பயந்துதான் ஒளிச்சேன்! விருப்பம் இல்லாமயா பதினோரு கறி ஆக்குவேன்?” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மழை பெய்து விருந்து நின்றுபோனால் அரசாங்கம் எனக்கு நஷ்டம் கொடுக்குமா என்று கேட்டேன். பெரிய ஆட்களின் வீட்டுக் குப்பைத்தொட்டியை எந்த அதிகாரியாவது கிளறியிருக்கிறாரா என்றும் கேட்டேன். ரெங்கசாமி என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

கனகசபைக்கும் ரோஷம் வந்துவிட்டது. முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே வாதாடினார். பெரியவனைப் பிடிக்காதது தப்புத்தான், அதற்காகச் சின்னவன் மறைப்பது சரியாகிவிடுமா என்றார். பிறகு மனைவியைக் காட்டினார். “இவ முப்பது வருஷம் வார்டில நிண்டவ. சம்பளம் கைக்கு வர முந்தியே வரியைப் பிடிச்சுப் போடுவாங்கள். இவ எந்தத் தொட்டிக்குள்ள ஒளிக்கிறது, சொல்லுங்கோ?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தோற்க மனம் வரவில்லை.

“சரி, ஒண்ணு கேக்குறேன். கட்டுக்குள்ள பாதி இலை கிழிஞ்சு வரும். அதை எங்களால போட முடியாது. உங்க கணக்குல அதைக் கழிச்சீங்களா?”

கனகசபை கால்சட்டையை ஒருமுறை இறக்கிவிட்டார், நனைந்ததும் மறுபடி சுருட்டினார்.

“இல்லை” என்றார் கடைசியில். “கழிக்கேல்லை. கழிச்சிருக்க வேணும்.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “அந்தக் கணக்குக்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் எனக்குத் தட்டுத்தான். பக்கத்து மேசைக்கு இலை, எனக்குத் தட்டு. கேட்டால் முடிஞ்சு போச்சு எண்டுவாங்கள். எத்தனை வருஷம்! இலை விருந்துக்காரர் வீட்டில சம்பந்தம் எண்டு தம்பி சொன்னதும், காலையில இருந்து ஒண்டும் சாப்பிடாமல் வந்தனான்.”

முதலில் சிரித்தது நேசம்மாதான். எழுந்தவர் அப்படியே நாற்காலியில் விழுந்து, கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “உண்மைதான், வீட்டிலயும் ஒரே புலம்பல்” என்றார். தாமரை அழுதுகொண்டே சிரித்தாள். சிவேந்திரன் துடைப்பத்தைத் தேடி ஓடினான். எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இன்றுவரை தெரியாது.

ரெங்கசாமி குழாயை மூடவும் இலை எடுக்கவும் மாடிக்குத் தாவினார். இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தார். இலைகளை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். மனுஷருக்கு அடி இல்லை. மேலே இருந்த இலைதான் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அதை எடுத்து வீசப் போனேன். கனகசபை கை நீட்டி வாங்கி, தானே துடைத்து, தன் முன்னால் விரித்துக்கொண்டார்.

“இதிலேயே போடுங்கோ” என்றார்.

போட்டேன். நல்ல காரியத்துக்குக் கிழிந்த இலையா என்று மனசு அடித்துக்கொண்டாலும் போட்டேன். அவர் ரசத்துக்கு இரண்டு முறை கை காட்டினார். பாயசத்தை இலையிலேயே வாங்கி, கிழிசல் வழியாக ஓடாமல் விரலால் அணை கட்டிச் சாப்பிட்டார். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அப்படி மடிப்பார்கள். தாமரை என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கனகசபை மடித்த இலையைத் தட்டிக் காட்டினார். “இது கிழிஞ்சது. கணக்கில சேராது” என்றார்.

மைலோ டின் சமையலறை அலமாரியிலிருந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

“மத்த இலையெல்லாம் சேர்த்துடுறேன், சம்பந்தி” என்றேன்.