ஐந்துக்கும் ஏழுக்கும் பந்தயம்

கீ கீ என்று அலுவலகத்தின் யூ.பி.எஸ். பெட்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறின. பதினாறு பேரும் செய்துகொண்டிருந்த வேலையை அவசரமாகச் சேமித்துவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்கக் கூடத்துக்கு ஓடிவந்தார்கள்.

மெயின் சுவிட்சின் மேல் கை வைத்தபடி அவள் நின்றிருந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா? அப்ப போட்டுடறேன்" என்று சுவிட்சை மேலே தள்ளினாள். அலறல் நின்றது.

நான்கு வருடங்களுக்கு முன் இதே கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவதுதான் இங்கே தொழில். வெளிச்சம், நிழல், கண்ணாடியின் பளபளப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மெஷின் ஒரு படத்தை வரைந்து முடிக்க மணிக்கணக்காகும். மேனேஜரின் மச்சினன் நாளைக்கு நாலு படம் கொடுத்தான். அவள் இரண்டு.

"உங்கிட்ட இருக்கறது ஐ செவன் சிப் போட்ட லேப்டாப். அவன்கிட்ட இருக்கறது வெறும் ஐ ஃபைவ் டெஸ்க்டாப். மெஷின் ஏழு, ஆளு பூஜ்யம்" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வாரமே அவளை வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்கு வரவேண்டிய தலைமைப் பதவியில் மச்சினனை உட்கார வைத்தார். பிறகு அவள் வேலை கேட்டுப் போன மூன்று இடங்களுக்கும் ஆமை என்ற பெயர் அவளை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது தங்கையோடு சேர்ந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். பழைய மெஷின்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம் என்று சோதித்துச் சொல்ல ஆள் தேடிய, இரண்டு வருடத்துக்கு முன்தான் நிறுவனத்தை வாங்கிய முதலாளியம்மா, பழைய கதை தெரியாமல் அவளையே கூப்பிட்டிருந்தார். வகைக்கு ஒன்றாக அவர் முந்தின நாள் கடைக்கு அனுப்பிய அதே லேப்டாப்பும் அதே டெஸ்க்டாப்பும் இப்போது தூசி தட்டி மேஜையில் இருந்தன. அவளைப் பார்த்த மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

"ரெண்டுலயும் ஒரே வீட்டைப் போட்டிருக்கேன். மாடி, நீச்சல் குளம், பதினாலு ஜன்னல். எது முதல்ல முடிக்குதுன்னு பாருங்கம்மா" என்றாள் முதலாளியம்மாவிடம்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்றார் மேனேஜர். "ஏழு பெருசா அஞ்சு பெருசான்னு ஒண்ணாங்கிளாஸ் பசங்களைக் கேட்டாலே சொல்லும்."

"ஆமா சார். உங்களுக்கும் அதுவரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"டெஸ்க்டாப் ஜெயிச்சா, நான் ஆமை இல்லன்னு உங்க வாயால சொல்லணும், சார். இதே கூடத்துல, இவங்க எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன். தோத்துட்டா?"

"ஆமைன்னு நானே எழுதிக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போறேன்."

"என்னய்யா கதை இது?" என்றார் முதலாளியம்மா. அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு பொத்தான்களையும் அவள் ஒன்றாக அழுத்தினாள். திரைகளில் வீடு கட்டம் கட்டமாக முளைத்தது. மூன்றாவது நிமிடத்தில் லேப்டாப் மொட்டை மாடியை முடித்துவிட்டது.

"உன் அஞ்சு இன்னும் ஆகாயத்துலயே சுத்துதே. தரைக்கு இறங்குமா, இல்ல அங்கயே குடித்தனமா?" என்றார் மேனேஜர்.

ஆறாவது நிமிடத்தில் லேப்டாப்பின் விசிறி ஊளையிட்டது. சடசடவென்று விழுந்துகொண்டிருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சொட்டத் தொடங்கின. முதலாளியம்மா அதன் முதுகைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

"டெஸ்க்டாப்புக்கு உள்ள காத்தோட்டம் இருக்கு, கரண்ட்டும் தாராளம். லேப்டாப் ஒல்லி உடம்பு. சூடு ஏறினா வெந்துபோகாம இருக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரை மட்டும் வெச்சு ரெண்டையும் ஒப்பிடக் கூடாதும்மா" என்றாள் அவள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் டெஸ்க்டாப் நீச்சல் குளத்தில் தண்ணீரையும் நிரப்பி முடித்தது. லேப்டாப் ஒன்பதாவது ஜன்னலில் திணறிக்கொண்டிருந்தது.

"அத்தான், அப்ப நான் நாலு படம் குடுத்தது..." என்று இழுத்தான் மச்சினன்.

"வாயை மூடுடா."

"அவர் மூடட்டும். நீங்க தொறங்க" என்றார் முதலாளியம்மா. "வார்த்தை குடுத்தீங்கல்ல?"

மேனேஜர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கடைசி மேஜைக்குக் கேக்கல, சார்" என்றாள் அவள்.

"மெதுவா இருந்தது மெஷின். அவங்க இல்ல."

"இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான்கு வருடம் முன்பு சிரித்த முகங்கள் இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தலைமைப் பதவிக்கு வேறு ஆள் பார்க்கப் போவதாக முதலாளியம்மா அங்கேயே அறிவித்தார். லேப்டாப்களைக் கழித்துக்கட்டி எடுத்துப் போகும்படி அவளிடம் சொன்னார்.

வேனை ஓட்டிய தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அவர் மூஞ்சியைப் பாத்தியாக்கா? விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. தப்பு மெஷின் மேலதான்னு நாலு வருஷமா நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

அவள் மடியில் கிடந்த லேப்டாப்பைத் திருப்பினாள். காற்று வெளியேறும் இடுக்கில் கொண்டை ஊசியை விட்டு நெம்பினாள். விரல் நீளத்துக்குப் புது வெள்ளைப் பஞ்சு வந்தது. மறுபக்கத்திலிருந்தும் ஒரு துண்டு.

தங்கை பிரேக்கை மிதித்தாள். "என்னக்கா இது?"

"நேத்து நம்ம கடையில ஓட்டிப் பாத்தப்போ, லேப்டாப்தாண்டி ஜெயிச்சுது."