முகமூடியின் நெற்றி

மேசையில் கிடந்த தாளில் மூன்றே வரிகள். முகமூடியின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தது நான். அந்தப் பிழையை மறைக்க ஏதோ சாயப்பொடியைப் பூசியதும் நான். வருந்துகிறேன். கீழே தங்கேஸ்வரியின் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்து, கையெழுத்துக்கென்று ஒரு கோடும் போட்டிருந்தது. நோர்வே மொழியில் இருந்ததைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தபோது அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வருடமாக, கிழமையில் நாலு காலை, நகரின் ஓரத்துப் புருசெத்திலிருந்து ரயிலேறி வந்து இந்தப் பழம்பொருள் கடையைத் துப்புரவாக்குகிறாள். தரைக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, மரச் சாமான்களுக்குத் துணியே ஆகாது, ஆட்டுமயிர்த் தூரிகை மட்டும்தான். கடை முதலாளி ஹோல்ஸ்டாட் முதல் நாளே சொன்ன சட்டம் அது. சொன்னவர் மறந்துபோனார், கேட்டவள் மறக்கவில்லை.

முகமூடி கொங்கோவில் குபா மக்கள் செதுக்கியது. பெண் முகம். கன்னங்களில் கறுப்பும் வெள்ளையுமாக முக்கோணங்கள், கண்களுக்குக் கீழே கண்ணீர் ஓடிய கோடுகள். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கிய மணிப்பட்டி ஒன்று வாயை அப்படியே மூடிக் கட்டியிருந்தது. நெற்றி முழுக்கச் சிவந்த மரப்பொடி. சடங்கில் ஆட வைக்கிறபோது அவர்கள் பூசியது என்று ஹோல்ஸ்டாட் வருகிறவர்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அழுகிற முகத்தின் நெற்றியில் சிவப்பு இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது என்று தெரிய, படிப்பு எதற்கு?

போன வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது அந்த நெற்றி வெறுமையாக இருந்தது. அழுக்குக் கூடையில் சிவப்புக் கறையோடு ஒரு வெள்ளைக் கைத்துணி. வைன் சிந்தியிருக்கும் என்று நினைத்துத் தோய்த்தாள், கறை அசையவில்லை. மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்ததும் மூன்று வருடத்துக்கு முந்திய செத்தவீடு கண் முன்னே வந்து நின்றது. கணவனின் பெட்டிக்குப் பக்கத்தில் அவளை இருத்தி, கணவனின் தமக்கை விமலாதேவி ஈரத்துவாயால் அவள் பொட்டை அழுத்தித் துடைத்தாள். தோல் எரிய எரியத் துடைத்தாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. தங்கேஸ்வரியும் கல்லுப்போல இருந்தாள். அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு இன்றுவரை ஆத்திரம்.

கைப்பையில் மகள் யதுர்ஷாவுக்கென்று கோயிலில் காகிதத்தில் மடித்து வாங்கிய குங்குமம் கிடந்தது. யோசிக்கவே இல்லை. மோதிரவிரலால் தொட்டு அந்த மர நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அது பிழைதான். கடைச் சட்டப்படி பெரிய பிழை. ஆனால் அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

இன்றைக்கு பேர்கன் நகரிலிருந்து முகமூடியை வாங்க வந்த அருங்காட்சியகத்துப் பெண் கிறிஸ்டீன், கண்ணாடியை மூக்கில் ஏற்றிய மறு நிமிடமே கண்டுபிடித்துவிட்டாள். வசந்த காலத்தில் பார்த்த பழைய பொடி எங்கே, இந்தப் புதுச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். ஹோல்ஸ்டாட் ஒரு கணம்கூடத் தயங்காமல் தங்கேஸ்வரியை அனுப்புகிற துப்புரவுக் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் இந்தத் தாளை அடித்து மேசையில் வைப்பதற்குள் கொம்பனி மேற்பார்வையாளர் ஓடி வந்தாள். அந்த மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, விமலாதேவியேதான்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கையெழுத்தைப் போட்டிட்டு வா," என்றாள் விமலாதேவி. "உன்ரை வேலை போகாதாம், அந்தாள் சொல்லிப்போட்டார்."

"நான் துடைக்கேல்லை மச்சாள்."

"ஆர் துடைச்சா என்ன? ஒரு கையெழுத்துத்தானே. இந்தக் கடையாலை கொம்பனிக்கு இன்னும் அஞ்சு கடை வந்தது. வாயை மூடிக்கொண்டு போடு."

தங்கேஸ்வரி சுவரைப் பார்த்தாள். வாய் கட்டிய முகம் அங்கே அழுதுகொண்டிருந்தது. அவளுக்கு வாய் கட்டியிருக்கவில்லை.

நேரே அலுமாரிக்குப் போய் அந்தக் கைத்துணியை எடுத்துவந்து மேசையில் போட்டாள். மூலையில் ஹோல்ஸ்டாட்டின் பெயரெழுத்து நீல நூலால் பின்னியிருந்தது. "இதை நான் தோய்த்தேன். கறை போகவில்லை," என்றாள் கிறிஸ்டீனிடம், தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில். "துடைத்தது நான் இல்லை. பொட்டு வைத்தது நான். துடைப்பது என் தொழில். எதைத் துடைக்கக் கூடாது என்றும் எனக்குத் தெரியும்."

கிறிஸ்டீன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இது அந்தப் பொடிதான்," என்றாள்.

ஹோல்ஸ்டாட்டின் கழுத்து சிவந்தது. "படம் எடுக்கும்போது அழுக்காகத் தெரிந்தது. கொஞ்சம்தான் துடைத்தேன். அதற்காக இவள் சாயம் பூசலாமா?"

"பூசியதை இவர் சொல்லிவிட்டார். நீங்கள்தான் சொல்லவில்லை," என்றபடி கிறிஸ்டீன் தன் பையை மூடினாள். முகமூடி வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அதற்குமேல் வார்த்தை தேவைப்படவில்லை.

தங்கேஸ்வரி பேனையை எடுத்தாள். துடைத்தது நான் என்ற வரியை வெட்டினாள். அந்தப் பிழையை மறைக்க என்ற சொற்களை, தாள் கிழியும் மட்டும் வெட்டினாள். வருந்துகிறேன் என்பதையும் விட்டுவைக்கவில்லை. சாயப்பொடியைப் பூசியதும் நான் என்பதை மட்டும் மிச்சம் வைத்து, தன் பெயரைப் பிழையில்லாமல் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நாளையிலிருந்து நீ வரத் தேவையில்லை," என்றார் ஹோல்ஸ்டாட்.

"விசரி!" விமலாதேவி பல்லைக் கடித்தாள். "வீட்டு வாடகையை ஆர் கட்டுறது? உனக்கென்ன பிடிச்சது? ஒரு மரக்கட்டைக்காக வேலையைத் துலைச்சிட்டு நிக்கிறியே!"

வாடகைக்கு என்ன வழி என்று தங்கேஸ்வரிக்கும் தெரியாது. ஆனால் அதையும் மீறிக்கொண்டு கோபம் வந்தது. மூன்று வருடமாக ஆறாத கோபம். கைப்பையைத் திறந்து அந்தக் காகித மடிப்பைப் பிரித்தாள். அடியில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. மோதிரவிரலால் வழித்தெடுத்து, ஹோல்ஸ்டாட் பார்க்க, கிறிஸ்டீன் பார்க்க, தன் நெற்றியில் அழுத்தி வைத்தாள். பிறகு தரை துடைக்கிற ஈரத்துணியை வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்து விமலாதேவியிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. இப்ப துடையுங்கோ மச்சாள், பாப்பம்."

விமலாதேவி கையை நீட்டவில்லை.