ஹில்டா வீட்டுத் தொட்டி

லார்க்ஃபீல்ட் தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. செவ்வாய்தோறும் காலையில் வரும் குப்பை லாரி ஒரு வாரம் கறுப்புக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்யும், மறுவாரம் தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டியை. இந்த வாரம் எது என்று சந்தேகம் வந்தால், ஜன்னல் திரையை விரலால் விலக்கி, ஹில்டா ஹாலிஸ் வீட்டு வாசலில் எது நிற்கிறது என்று பார்ப்பார்கள். அவள் தொட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள் தெருவெங்கும் தொட்டிகளின் சக்கரங்கள் உருளும். கணவர் போனபின் அவளுக்கென்று மிஞ்சிய மரியாதை அது ஒன்றுதான்.

எதிர்வீட்டுக்குக் குடிவந்த டெஸ்மண்ட் கிராப் அதிலும் மண்ணைப் போட்டார். மற்றவர்கள் திங்கள் மாலை வைப்பதை அவர் மதியமே வைத்தார். தெரு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஹில்டாவுக்கு வயிறு எரிந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் கறுப்பின் முறை. தெரிந்தே, காலையிலேயே பச்சையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மதியம் டெஸ்மண்ட் கறுப்பை உருட்டிக்கொண்டு பாதி வழி வந்தார். எதிரே பச்சை நின்றது. மழை வருமா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பச்சையோடு வந்தார். மாலைக்குள் தெரு முழுக்கப் பச்சை. ஹில்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

விடிந்ததும் வீட்டு அங்கியோடு ஓடிப்போய், தன் பச்சையை உள்ளே இழுத்துவிட்டுக் கறுப்பை வைத்தாள். இனி அவள் தொட்டி மட்டும் காலியாகும், தெருவுக்கும் புத்தி வரும்.

லாரி வந்தது. பச்சைகளை ஒன்று விடாமல் கவிழ்த்துக்கொண்டு, அவள் வீட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஈஸ்டர் விடுமுறைக்காக நகராட்சி தொட்டிகளின் முறையை மாற்றியிருந்தது. அந்த அறிவிப்பை அவளும்தான் படிக்கவில்லை.

சற்று நேரத்தில் டெஸ்மண்ட் வந்து கதவைத் தட்டினார்.

"நான் கறுப்பத்தான் வெக்க இருந்தேன், ஹில்டா. நல்லவேளை, உங்களுத பாத்தேன். இனிமே நீங்க வெக்காம நான் வெக்கிறதா இல்ல" என்றவரின் பார்வை வாசலுக்குப் போனது. "ஆமா, உங்களுது மட்டும் ஏன் கறுப்பு?"

அந்தத் தெருவில் ஒருவர் இன்னொருவரைக் கேட்ட முதல் கேள்வி அது.

"டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. அவள் வாசலில் நின்ற கறுப்பைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வீடு கறுப்புத் தொட்டியை உருட்டிவந்துகொண்டிருந்தார்கள். டெஸ்மண்ட் பதறி எழுந்தார்.

"ஒரு நிமிஷம், நானும் போய் வெச்சுட்டு வந்துடறேன்."