இடது கை சரியில்லை

கஸ்ஸியான் ஷ்டெக்கர் முதல் தடவை இறந்தது 1931ஆம் வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, காலை பத்தேகால் மணிக்கு. இரண்டாம் தடவை பத்து நாற்பதுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்னும் மூன்று தடவை இறந்தான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போகும்வரை அன்று மொத்தம் ஒன்பது. திரோல் மலையில் எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு முன் யாரும் ஒரு தடவைக்கு மேல் இறந்ததில்லை. அதனால் பாதர் இங்கெனுயின் பங்குப் பதிவேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இதற்குக் காரணமான அன்செல்ம் நவ்ராட்டில் வியன்னாவில் ஒரு பியானோ டீச்சருக்கு ஒரே மகனாகப் பிறந்தவர். அம்மா பாடம் நடத்தும் அறையிலேயே அவருடைய தொட்டில் இருந்ததால், அவர் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'மறுபடியும்.' காலையில் அம்மாவுக்குத் தரும் முத்தத்தைக்கூட, உதடு சரியாகப் படவில்லை என்று மூன்று நான்கு தடவை தரவேண்டியிருந்தது. ஆறு வயதில் தாத்தா இறந்தபோது கட்டிலருகே நின்றிருந்த அவருக்குக் கிழவரின் தலை சாய்ந்த விதம் பிடிக்கவில்லை. "மறுபடியும்" என்றார். கிழவர் கண்ணைத் திறந்து, இருமி, மறுபக்கமாகச் சாய்ந்து இறந்தார். நான்காவது தடவைக்குப் பிறகு டாக்டர் பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மருந்து தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். இருபத்தைந்து வயதில் அவர் சினிமாவுக்குப் போனார். முப்பதுக்குள் பெயர் பெற்றுவிட்டார். ஒரு படத்தில் மணப்பெண்ணாக நடித்தவளை 'சம்மதம்' என்று எண்பத்தாறு தடவை சொல்ல வைத்தார். அதன் பிறகு அவளால் தன் சொந்தக் கல்யாணத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. தேவாலயத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, பூங்கொத்தோடு வீட்டுக்குப் போனாள். படம் நன்றாக ஓடியது. அம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள்.

'மலையின் மாப்பிள்ளை' என்ற படத்துக்காக அவர் எங்கள் ஊருக்கு வந்தார். கதாநாயகன் பாறை உச்சியிலிருந்து விழுந்து சாகவேண்டும். அந்த நடிகர் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, விடுதிக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று விடுதியில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நோட்புர்கா, மரம்வெட்டி கஸ்ஸியானின் மனைவி. ஊரில் அவளைப் புர்கி என்பார்கள். இருபத்தாறு வயது, மூன்று மாத கர்ப்பம். வியன்னாக்காரர்கள் வாடிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கா இவ்ளோ சோகம்? என் புருஷன் குதிப்பான். பூனை மாதிரி எறங்குவான்" என்று கூடம் முழுவதும் கேட்கச் சொன்னாள். மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்த கஸ்ஸியான் நிமிர்ந்து பார்த்தான். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கீழே குவித்த பனியை முந்தின நாள் காற்று நகர்த்தியிருந்தது. அதற்கடியில் ஒரு கல் இருந்தது. கழுத்து முறிந்த சத்தம், காய்ந்த கிளை ஒடிந்ததுபோல், காமிராவுக்குப் பின்னால் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது. புர்கி ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். நவ்ராட்டில் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஷ்டெக்கர், இடது கை சரியில்லை. விழுறவன் எதையாவது புடிக்கப் பாக்கணும். நீ முஷ்டிய மடக்கிக்கிற. மறுபடியும்."

கஸ்ஸியான் கண்ணைத் திறந்தான். எழுந்து, சட்டையிலிருந்த பனியைத் தட்டி, "சரிங்க டைரக்டர்" என்று மேலே ஏறத் தொடங்கினான். எங்கள் பள்ளத்தாக்கில் கடவுளையே 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். அங்கே 'சரிங்க' என்று ஒருவன் சொன்னதுதான் அன்று நின்றிருந்தவர்களுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பனி குவிக்கலாமே என்று காமிராமேன் சொன்னார். குவித்தால் உடம்பு புதைந்துவிடும், முகம் தெரியாது என்றார் நவ்ராட்டில். ஒன்பதாவது தடவை அவர் வாய் 'போதும்' என்ற வார்த்தைக்குக் குவிவதைப் புர்கி பார்த்தாள். அந்த வார்த்தை வந்துவிட்டால் மடியில் கிடப்பவன் எழமாட்டான் என்பது அவளுக்கு அதற்குள் புரிந்திருந்தது. பக்கத்திலிருந்த பால்காரனின் பசுவிடமிருந்து கழுத்துமணியைப் பிடுங்கி, பலமாக ஆட்டினாள். அது பேசும்படம், சத்தம் பதிவாகிவிட்டது. நவ்ராட்டில் அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மறுபடியும். அடுத்த வருஷம், இதே வெளிச்சத்துல" என்றார். கஸ்ஸியான் எழுந்து வீட்டுக்கு வந்து மூன்று ரொட்டி உருண்டை சாப்பிட்டான்.

முடியாத காட்சியில் இருப்பவன் மாறக்கூடாது என்பது சினிமாவின் விதி, கஸ்ஸியானும் மாறவில்லை. அவனுக்கு இருபத்தெட்டு வயது. மூன்று நாள் தாடி. புர்கி மழித்துவிட்டாள், கத்தியைக் கழுவி வைப்பதற்குள் அது பழையபடி வந்திருந்தது. சட்டையில் இல்லாத பொத்தானைத் தைத்தாள். விடியும்போது நூல் தானே பிரிந்து பொத்தான் தரையில் கிடந்தது. ஆகஸ்டில் வெரோனிகா பிறந்தாள். இவன் உயிர்த்தெழுந்தவனா என்று பாதர் ஆயர் இல்லத்துக்கு எழுதியதற்கு, அடக்கம் செய்யப்படாதவர் உயிர்த்தெழ முடியாது, ஆகவே தெரிவிக்க எதுவுமில்லை என்று பதில் வந்தது. சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பாதர் ஒவ்வொரு தடவையும் பூசிப் பார்த்தார். எண்ணெய் போதாமல், வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டார். பிப்ரவரிதோறும் நவ்ராட்டில் வந்தார், கஸ்ஸியான் விழுந்தான், ஏதோ ஒரு சமயத்தில் மணி ஒலித்தது.

1938இல் ஜெர்மன்காரர்கள் வந்து கொடி மாறியபோது நவ்ராட்டில் தன் நாற்காலி மாறாமல் பார்த்துக்கொண்டார். புதிய எஜமானர்களுக்கு ஆறு படம் எடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் கோதுமை வயல் சரியாக அசையவில்லை என்று, கைதி முகாமிலிருந்து கொண்டுவந்தவர்களைத் தண்டுகளுக்கு நடுவே படுக்க வைத்து ஊதச் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. கஸ்ஸியானைப் போருக்கு அழைக்க வந்த அதிகாரியிடம், 'இந்த ஆள் ஒரு ஷாட்டில் இருக்கிறான்' என்று பெர்லின் முத்திரையோடு ஒரு கடிதம் காட்டப்பட்டது. பள்ளத்தாக்கிலிருந்து முப்பத்தொரு பேர் போனார்கள். பதினான்கு பேர் திரும்பவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது மோய்டி என்ற விதவை புர்கியை வழிமறித்தாள்.

"உனக்கென்னடி! வருஷா வருஷம் செத்தாலும் சாப்பாட்டு வேளைக்கு வந்துடுறான். என் ஆளு ஒரே தடவைதான் செத்தான், பாவி."

புர்கி அந்த ஞாயிறிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள்.

போருக்குப் பிறகு இரண்டு வருடம் நவ்ராட்டிலுக்குப் படம் எடுக்கத் தடை. தடை நீங்கியதும் மான்குட்டி, வனக்காவலர், பாவாடை சுழல ஆடும் பெண்கள் என்று வண்ணப்படங்கள் எடுத்தார். நாடே அழுதுகொண்டு பார்த்தது, பரிசுகள் வந்தன. மூன்று மனைவிகள் வந்து போனார்கள். மூன்றாமவள் விவாகரத்து கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது, அவர் கதவைத் திறந்து, இன்னும் மெதுவாகச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தினாள். ஏழாவது தடவைதான் தெருவுக்குப் போகமுடிந்தது. அம்மா தொண்ணூற்றொரு வயதில் அவருடைய கடைசிப் படத்தையும் பார்த்து, "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இறந்தாள். மறுபடியும் என்று அவர் சொல்ல நினைத்து, வேண்டாமென்று விட்டதாகச் சமையற்காரி சொன்னாள்.

ஒரு பிப்ரவரியில் புர்கி புகைபோட்ட பன்றித்தொடையும் ஒரு குப்பி சாராயமும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு; வழியில் சந்தித்த வெளியூர்க்காரன் கஸ்ஸியானை அவள் மகன் என்று நினைத்துப் பேசியிருந்தான்.

"உனக்கு நன்றி சொல்ல வந்தேன்" என்றாள். "இருபது வருஷமா அவன விட்டு வெச்சிருக்க."

நவ்ராட்டில் சிரிக்கவில்லை. "உங்க புருஷன நான் காப்பாத்தல, அம்மா. நீங்க மணியடிக்கிறதும் தேவையில்லாத வேலை. அவன் இடது கை நிஜமாவே சரியில்லை." பன்றித்தொடையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கஸ்ஸியானுக்கு மற்ற எதுவும் மாறாவிட்டாலும் வலி மட்டும் சேர்ந்துகொண்டே வந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்ததும் அவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வான். விறகு வெட்டும்போது கிளை ஒடியும் சத்தம் கேட்டால் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிடுவான். வெரோனிகாவுக்கு முப்பது வயதானபோது, தன்னைவிடச் சின்னவனை அப்பா என்று கூப்பிட நாக்கு கூசுகிறதென்று இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போய்விட்டாள்; கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினாள். புர்கிக்கு முட்டி வீங்கியது, பல் போனது, மார்பில் ஒன்றை அறுத்து எடுத்தார்கள். அவன்தான் அவளைக் குளிப்பாட்டினான். இளைஞனின் கையால். அவளுக்கு அது சுகமாகவும் அவமானமாகவும் இருந்தது. வேலைக்காரன் நல்லவன் என்று புதிதாக வந்த நர்ஸ் பாராட்டினாள்.

1974 பிப்ரவரியில், படப்பிடிப்பன்று காலை, காலுறை போட்டுக்கொண்டே கஸ்ஸியான் பேச்சை எடுத்தான்.

"புர்கி, இன்னிக்கி மணி வேண்டாம்."

"அது ஏன்?"

"நானூத்திப் பதினெட்டு தடவை செத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லு எனக்குத் தெரியும். விழறதுக்கு முன்னாடியே தெரியும்."

"நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்? எனக்கு அறுபத்தொம்பது."

"மோய்டி என்ன பண்ணா? அதேதான்." மற்றக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அன்னிக்கி அத்தனை பேர் முன்னாடி 'என் புருஷன் குதிப்பான்'னு நீதான் சொன்ன. நான் ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கி நான் கேக்குறேன்."

நாற்பத்து மூன்று வருடத்தில் அவன் அதைச் சொல்லிக் காட்டியது அதுதான் முதல் தடவை. புர்கி மணியைக் கொக்கியில் மாட்டினாள். சத்தியம் செய்தாள். அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான், தாடி குத்தியது.

நவ்ராட்டிலை வைக்கோல் வண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். அவருக்கு எழுபத்தேழு வயது. நான்கு வருடமாக இரண்டு கண்ணும் தெரியாது. இருந்தும் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னார். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று கன்னத்தால் பார்த்து, தலையசைத்தார். கஸ்ஸியான் உச்சியிலிருந்து விழுந்தான். அதுபோல் அவன் விழுந்ததே இல்லை. பயப்படுகிறவனுக்கு மடங்கும் கை அன்று மடங்கவில்லை. இடது கை விரிந்து, ஐந்து விரலும் தனித்தனியாக, காற்றில் எதையோ பிடிக்கப் போய், பிடிக்காமலே திறந்திருந்தது. கிளை ஒடியும் அந்தச் சத்தம் கேட்டது. காமிராமேன் தொப்பியைக் கழற்றினார்.

நவ்ராட்டில் முகத்தைப் புர்கி நின்ற பக்கம் திருப்பினார். "மணி வரலையே?"

"இல்ல."

"எனக்குக் கண்ணு தெரியல. சத்தம் நல்லா இருந்துச்சு. ஆரம்பத்துலேருந்து எல்லாத்தையும் பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்றதுதான் முடிவு. எப்படி இருந்துது?"

புர்கி பனியில் கிடந்தவனைப் பார்த்தாள். கை திறந்தே கிடந்தது. அது சரியாக இருந்தது என்பதில் அங்கே நின்ற யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும் இல்லை. பாதர் எண்ணெய்க் குப்பியைத் திறந்து வைத்திருந்தார். மோய்டி, எழுபத்தைந்து வயதை நெருங்கியவள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு புர்கியின் வாயையே பார்த்தாள். அடுப்பில் இரண்டு பேருக்குச் சூப் வைத்துவிட்டு வந்திருந்தது புர்கிக்கு நினைவு வந்தது.

"இடது கை சரியில்லை" என்றாள். "மறுபடியும்."

கஸ்ஸியான் கண்ணைத் திறந்தான். எழுந்தான். சட்டையிலிருந்த பனியை முன்பக்கம், தோள், முழங்கால் என்று ஒழுங்காகத் தட்டினான். பிறகு அவளை நேராகப் பார்த்தான்.

"சரிங்க டைரக்டர்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறத் தொடங்கினான்.

நவ்ராட்டில் ஏப்ரலில் வியன்னாவில் இறந்தார். அடக்கத்துக்கு மூன்று மனைவிகளும் வந்தார்கள். யாரும் எதையும் மறுபடியும் செய்யச் சொல்லவில்லை, இருபது நிமிடத்தில் முடிந்தது. நாற்காலியை உயிலில் புர்கிக்கு எழுதி வைத்திருந்தார், ரயிலில் வந்தது. முட்டிக்கு அது சௌகரியமாக இருக்கிறது. மறு வருடம் காமிராமேன் வரவில்லை, அதன் பிறகு காமிராவும் இல்லை. ஆனால் வெளிச்சம் அதே தேதிக்கு வருவதால் தேதியை மாற்றவில்லை. வீட்டில் கஸ்ஸியான் அவளைக் குளிப்பாட்டுகிறான், சூப்பைச் சூடாக்கித் தருகிறான், கேட்டதற்கெல்லாம் 'சரிங்க' என்கிறான். போன பிப்ரவரியில் பதினொரு தடவை விழுந்தான். பதினொன்றும் நன்றாக இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த வருடமும் பதினொன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு என்று பங்கு அறிவிப்புத்தாளில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே அடுத்த அறிவிப்பு: மாட்டு டாக்டர் அன்று மதியத்துக்கு மேல்தான் வருவார்.